குறைப்பட்டியல்

தெங்காவில் புதிதாய்ச் சாவி வாங்கிய வீடுகளில்
குறை கண்டுபிடிப்பது என் வேலை.
நாளுக்கு இரண்டு வீடு, சில நாள் மூன்று.
கோலால் தரையைத் தட்டுவேன்.
ஓடு உள்ளே வெற்றாய் ஒலித்தால் நீல நாடா.
கதவு தானாகச் சாத்திக்கொண்டால் நீல நாடா.
சன்னல் விளிம்பில் ரசமட்டம் வைத்து
குமிழி நடுக்கோட்டை விட்டு நழுவினால்
அதற்கும்.

குனிந்து, குத்தவைத்து, கையூன்றி எழுந்து
பதினோராம் மாதம்
வலது தொடைச் சந்தில் ஒரு வலி.
கால்சட்டை மாட்ட ஒற்றைக் காலில் நிற்க முடியாமல்
கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.
"இடுப்பு மூட்டு தேய்ஞ்சிருக்கும்,
எங்க பெரியக்காவுக்கும் இப்படித்தான்" என்றார் மதியொளி.
எந்த நோய்க்கும் அவரிடம் ஓர் அக்கா உண்டு.

படம் எடுத்துப் பார்த்தார்கள்.
பந்தும் கிண்ணமும்
புது வீட்டுக் கீல்போலப் பழுதில்லாமல் இருந்தன.
வலி மட்டும் எந்தப் படத்திலும் விழாமல்
என்னோடு பேருந்தேறி வீட்டுக்கு வந்தது.

பிறகு ஜூரோங்கில், ஒரு திரைக்குப் பின்னால்,
இயன்மருத்துவர் ஷாஹிரா
என்னைச் சுவர் பார்த்து நிற்கச் சொன்னாள்.
முதுகின் அடியில் இரண்டு குழிகள் இருக்குமே,
அவற்றில் பேனாவால் ஒவ்வொரு புள்ளி.
கைப்பேசியில் காட்டினாள்.
இடது புள்ளி மேலே.
வலது புள்ளி கீழே.
அன்று காலைதான் யாரோ ஒருவர் சமையலறையில்
ஏழு ஓடுகளைச் சாய்வென்று எழுதிவிட்டு வந்திருந்தேன்.

"நாடா இருக்கா?" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

"புள்ளியை நம்பாதீங்க, எல்லாரும் கொஞ்சம் சாய்வுதான்.
வலிதான் கணக்கு" என்று
படுக்கவைத்து, மடக்கி, அழுத்தி,
இங்கேயா, இங்கேயா என்று
ஓடு தட்டுவதைப்போலத் தட்டிக்கொண்டே வந்தாள்.
மூன்றாம் அழுத்தலில் நான் போட்ட சத்தத்துக்கு
பக்கத்துத் திரை விலகி மூடியது.

இடுப்பு இல்லையாம். அதற்கும் பின்னால்,
முதுகெலும்பு வந்து இடுப்பெலும்பில் அமரும் இடம்.
திருவெலும்பு என்று பெயர்.
படிவங்களில் மட்டும் திருமதியான எனக்குள்
இத்தனை நாளாய் ஒரு திரு.
அந்த மூட்டு அசைவதே ஓரிரு மில்லிமீட்டர்.
அது இறுகினாலும் தளர்ந்தாலும்
இடுப்புதான் கோணிக்கொண்டு ஈடுகட்டும்,
தசை ஒருபக்கம் இழுக்கும்,
ஒரு கால் குட்டையானது போல நடிக்கும்,
முழங்கால் அந்த நடிப்பை நம்பிவிடும்.

மேல்மாடிக் குளியலறையில் கசிவு,
கீழ்வீட்டு விட்டத்தில் கறை.
எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்,
கறைக்கு வெள்ளையடித்துப் பயனில்லை என்று.
ஆறு மாதம் தைலம் தேய்த்தேன் நான், கறைக்கு.

கசிவு எப்போது தொடங்கியது?
இழையினி பிறந்தபோது
எலும்புகள் கட்டுத் தளர்ந்து வழிவிட்டன.
அவள் வந்த பிறகு
கதவு சாத்தியதாகத்தான் நினைத்தேன்.
அப்புறம் மூன்று வருடம் இடது இடுப்பில் அவள்,
மின்தூக்கிப் பொத்தானுக்கு வலது கை.
தாழ்ப்பாள் விழுந்ததா என்று
யார் போய்ப் பார்த்தது?

இப்போது இரவில் மல்லாந்து படுத்து
முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து நசுக்குகிறேன்.
இழையினி எண்ணுகிறாள்:
ஐந்து, ஆறு, ஒன்பது, பத்து.
விட்ட எண்களுக்கு நானாகச் சேர்த்து நசுக்குகிறேன்.
சில வாரம் நன்றாய் இருக்கிறது.
சில வாரம் பேருந்துப் படி மலை.

நேற்றைய வீடு பன்னிரண்டாம் மாடி.
கூடத்தில் ரசமட்டம் வைத்தேன்.
குமிழி கோட்டைத் தொட்டும் தொடாமலும்
ஒரு மயிரிழை இடதுபுறம்.
வீட்டுக்காரப் பையன் குனிந்து பார்த்தான்,
திருமணமாகி எட்டு நாள், கையில் மோதிரம் பழகவில்லை.
"இது குறையா, அக்கா?"

நாடாவைப் பாதி இழுத்திருந்தேன்.
அப்போதுதான் கவனித்தேன்,
வழக்கம்போல இடது காலிலேயே நின்றிருக்கிறேன்.
பையன் காத்திருந்தான்.
நான் வலது பாதத்தை முழுதாய்
அவன் தரையில் ஊன்றிப் பார்த்தேன்.